கடல் பக்கத்திலேயே இருந்தும் அயோடின் உப்பு எதற்கு? ஹார்மோன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபத்துக்கும் ராமநாதபுரத்துக்கும் நடுவில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறேன். பதினோராம் வகுப்பில் நாளமில்லாச் சுரப்பிப் பாடம் முடிந்த வாரம் பிள்ளைகள் ஒரு கேள்வியும் கேட்க மாட்டார்கள். அவர்கள் வீட்டிலிருந்துதான் கேள்வி வரும். லேப் ரிப்போர்ட்டை மடித்துப் பிள்ளையிடம் கொடுத்து, "டீச்சர்ட்ட காட்டிட்டு வா" என்று அனுப்புவார்கள். பஸ்ஸிலும் மீன் கடையிலும் கேட்பார்கள். அப்படிக் கேட்டவற்றைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று என்னால் சொல்ல முடியும். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்பதெல்லாம் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை.

ஹார்மோன் ஹார்மோன் என்கிறீர்களே, அது என்னதான் டீச்சர்?

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். கூண்டு எல்லார் கண்ணிலும்தான் படுகிறது. ஆனால் மூன்றாம் எண் கூண்டு ஏறியதும் படகுக்காரர் நங்கூரக் கயிற்றைச் சரிபார்க்க ஓடுகிறார். பரோட்டாக் கடைக்காரர் மாவு பிசைவதை நிறுத்துவதில்லை. ஹார்மோனும் அப்படித்தான். சுரப்பி அதை ரத்தத்தில் விடுகிறது. ரத்தம் அதைத் தலை முதல் கால் வரை கொண்டுபோகிறது. அதைப் படிக்கத் தெரிந்த செல் மட்டும் வேலையில் இறங்குகிறது. படிக்கும் அந்தக் கண்ணுக்குப் பாடப்புத்தகத்தில் ஏற்பி என்று பெயர். நரம்பு வேறு மாதிரி. அது செல்போன் அழைப்பு: ஒருவருக்கு மட்டும் போகும், நொடியில் போகும், வைத்ததும் முடிந்தது.

கூண்டு ஏறினால் மட்டும் போதாது, புயல் கடந்ததும் இறங்கவும் வேண்டும். இறக்க மறந்தால் ஒருவரும் கடலுக்குப் போக முடியாது. ஹார்மோன் நோய்களை இந்தக் கணக்கிலேயே பிரித்துவிடலாம். கூண்டு ஏறாமலே போவது ஒன்று: சின்னப் பிள்ளைகளுக்கு வரும் முதல் வகைச் சர்க்கரை நோயில் இன்சுலின் சுரப்பதே இல்லை. ஏறிய கூண்டு இறங்காதது இன்னொன்று: தைராய்டு அதிகமாகி நெஞ்சு படபடத்து உடல் இளைப்பது. மூன்றாவதுதான் நம் பக்கம் அதிகம். கூண்டு ஏறியிருக்கிறது, ஆனால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை அந்த ரகம். இன்சுலின் இருக்கும், செல்கள் கண்டுகொள்ளாது.

இது தெரியவந்து நூற்றிருபது வருடம்தான் ஆகிறது. 1902-ல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் ஒரு நாயின் சிறுகுடலுக்குப் போகும் நரம்புகளை அறுத்துவிட்டு, குடலில் அமிலத்தை வைத்துப் பார்த்தார்கள். நரம்பே இல்லாதபோதும் கணையம் சாறு சுரந்தது. செய்தி ரத்தம் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். அந்தப் பொருளுக்கு செக்ரிடின் என்று பெயர் வைத்தார்கள். இந்த மாதிரிப் பொருள்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஹார்மோன் என்ற சொல்லை 1905-ல் ஸ்டார்லிங் கொண்டுவந்தார். கிரேக்கத்தில் 'தூண்டிவிடுவது' என்று பொருள்.

இந்தச் சுரப்பிகள் எங்கெங்கே இருக்கின்றன?

மேலிருந்து வருகிறேன். மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ், அதிலிருந்து தொங்குகிற பட்டாணி அளவு பிட்யூட்டரி. மூளையின் நடுவில் மெலடோனின் சுரக்கும் பீனியல். கழுத்தில் தைராய்டு, அதன் முதுகில் துவரம்பருப்பு ஒட்டினாற்போல் நான்கு பாராதைராய்டு. வயிற்றுக்குப் பின்னால் கணையம். சிறுநீரகங்களின் தலையில் குல்லா மாதிரி இரண்டு அட்ரினல். அப்புறம் சூலகம், விந்தகம். வியர்வைச் சுரப்பிக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் குழாய் உண்டு, இவற்றுக்கு இல்லை. அதனால்தான் நாளமில்லாச் சுரப்பி என்ற பெயர். கணையம் மட்டும் இரண்டு பக்கமும் வேலை பார்க்கிற ஆள்: குழாய் வழியே செரிமானச் சாறு, ரத்தம் வழியே இன்சுலின். சுரப்பி என்று பெயர் வாங்காத இதயம், சிறுநீரகம், இரைப்பை, உடம்புக் கொழுப்பு எல்லாமும்கூட ஹார்மோன் சுரக்கின்றன.

நாங்கள் கடலோரம். மூன்று வேளையும் மீன். எங்களுக்கு எதற்கு அயோடின் உப்பு? உப்பளத்துக் கல்லுப்பு போதாதா?

எனக்கு அதிகமாக வரும் கேள்வி இதுதான். கேட்கும்போதே "கடல்ல இல்லாத அயோடினா?" என்ற மிதப்பு குரலில் தெரியும். சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அயோடின் சுமார் 60 மைக்ரோகிராம்தான். மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அந்த அயோடின் முழுவதும் உப்போடு வந்து சேர்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு கிராம் உப்பில் 2 மைக்ரோகிராம்கூட வராது. நாளுக்குப் பத்து கிராம் உப்பு தின்றாலும் கிடைப்பது 17 மைக்ரோகிராம். பெரியவர்களுக்கு வேண்டியது 150, கர்ப்பிணிக்கு 250. உண்மையில் அந்த 17-ம் கிடைக்காது. பாத்தியில் உப்பு படியும்போது அயோடின் பெரும்பாலும் கூடவே படிவதில்லை, மிஞ்சுகிற கசப்புத் தண்ணீரோடு நின்றுவிடும்.

அயோடின் கலந்த உப்பு வீட்டுக்கு வந்து சேரும்போது கிராமுக்கு 15 மைக்ரோகிராமாவது இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. பத்து கிராமுக்கு 150. கணக்கு நேராகிவிட்டது. இதற்காக உப்பைக் கூட்டிப் போட வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 5 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது. மீதி அயோடினை மீன், முட்டை, பால் பார்த்துக்கொள்ளும். கடல் மீனில் அயோடின் உண்டு என்பது சரிதான். ஆனால் மீனுக்கு மீன் அளவு மாறும். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அந்த 61 நாளும் நம் சட்டியில் என்ன மீன் கிடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். பாதி நாள் கருவாடுதான். கருவாட்டுக்குப் போடுவதும் கல்லுப்புதான்.

தைராய்டு தன் ஹார்மோனைச் செய்யும் மூலப்பொருளே அயோடின். டி 4 என்றால் நான்கு அயோடின் அணு, டி 3 என்றால் மூன்று. அயோடின் வராவிட்டால் ஹார்மோன் குறையும். பிட்யூட்டரி "இன்னும் செய், இன்னும் செய்" என்று நெருக்கும். சரக்கு இல்லாத தைராய்டு, இடத்தை விரித்தாவது பிடிக்கலாம் என்று வீங்கும். அதுதான் முன்கழுத்துக் கழலை. கழலை கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாத சேதம் வயிற்றுப் பிள்ளையின் மூளைக்கு நடக்கும், அதுதான் பெரிது.

உப்பில் அயோடின் கலப்பது பலன் தரும் என்பதை இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் வி. ராமலிங்கஸ்வாமி குழுவினர் 1956-ல் தொடங்கிய ஆய்வு காட்டியது. 1962-ல் தேசியத் திட்டம் வந்தது. முதலில் இது மலைநாட்டு நோய் என்றுதான் எண்ணினார்கள். பிறகு எந்த மாநிலமும் தப்பவில்லை என்று தெரிந்தது. கடலோரமும் அதில் சேர்த்திதான். நம் வாலிநோக்கத்திலேயே தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உப்பளம் இருக்கிறது. அங்கேயே அயோடின் கலந்த உப்பும் தயாராகிறது. கடல் நீரைக் காய்ச்சி உப்பெடுக்கிற ஊரிலேயே அயோடினை வெளியிலிருந்து கொண்டுவந்து தெளிக்கிறார்கள் என்றால், அது சும்மா இல்லை.

ஒரு வார்த்தை: நம் ஊர் ஈரக்காற்றில் உப்பைத் திறந்து வைத்தால் அயோடின் குறைந்துகொண்டே போகும். மூடி போட்ட ஜாடியில் வையுங்கள்.

அப்படியானால் கடல்பாசி? நாங்கள் முங்கி எடுப்பதே அதைத்தானே?

பாசியில் அயோடின் உண்டு. கடல் நீரில் சிதறிக் கிடப்பதைப் பாசி உறிஞ்சிச் சேர்த்து வைக்கிறது. அயோடின் என்ற தனிமம் கண்டுபிடிக்கப்பட்டதே பாசியில்தான். 1811-ல் பெர்னார்ட் கூர்த்வா என்ற பிரெஞ்சுக்காரர், பாசியை எரித்த சாம்பலில் வேலை செய்துகொண்டிருந்தபோது ஊதா நிறப் புகை கிளம்பியதைப் பார்த்தார். பத்து வருடத்துக்குள் ஜெனீவாவில் ஒரு மருத்துவர் கழலைக்கு அயோடின் கொடுக்கத் தொடங்கிவிட்டார்.

சின்னப்பாலத்துப் பெண்கள் கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி, மூச்சுப் பிடித்து எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் பெரும்பாலும் அகர் என்ற ஜெல்லிப் பொருள் தயாரிக்கப் போகின்றன. கஞ்சிப்பாசியைக் கஞ்சி காய்ச்சிக் குடிப்பதும் உண்டு. எப்போதாவது குடிப்பதில் தப்பில்லை. ஆனால் "தைராய்டுக்கு நல்லது" என்று பாசிப் பொடியை நாள்தோறும் கரைத்துக் குடிக்காதீர்கள். பாசிக்குப் பாசி அயோடின் அளவு பல மடங்கு மாறும், பழுப்புப் பாசிகளில் மிக அதிகம். அளவு மீறி அயோடின் வந்தால் தைராய்டு கடையைச் சாத்திவிடும். சிலருக்கு நேர்மாறாகத் தறிகெட்டு ஓடும்.

ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். 12 என்று போட்டிருக்கிறது. தைராய்டு கூடிவிட்டதா?

இல்லை. குறைந்துவிட்டது. இந்த ஒரு இடத்தில் எல்லாரும் தடுமாறுகிறார்கள், படித்தவர்களும்தான்.

டி.எஸ்.எச். தைராய்டின் சரக்கு இல்லை. பிட்யூட்டரி தைராய்டுக்கு அனுப்பும் அதட்டல். வீட்டில் மகள் சொன்ன வேலையைச் செய்துகொண்டிருந்தால் அம்மா ஏன் சத்தம் போடப் போகிறாள்? செய்யாமல் உட்கார்ந்திருந்தால்தான் குரல் ஏறும். குரலின் உயரத்தை வைத்து மகள் எவ்வளவு சும்மா இருக்கிறாள் என்று தெருவுக்கே தெரிந்துவிடும். டி.எஸ்.எச். 12 என்றால் அம்மாவின் குரல் 12. பொதுவாக 0.4 முதல் 4 வரை சரியான அளவு, லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். டி.எஸ்.எச். அடியோடு தாழ்ந்து 0.01 என்று வந்தால்தான் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்று பெரும்பாலும் பொருள்.

இதைப் பின்னூட்டம் என்கிறோம். சரக்கு போதுமான அளவு வந்ததும் அது மேலே போய் "போதும்" என்று சொல்லிவிடும். உடம்பின் பெரும்பாலான ஹார்மோன்கள் இந்த முறையில்தான் ஓடுகின்றன. இதைப் புரிந்துகொண்டால் அடுத்த கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

மாத்திரை போட்டதும் டி.எஸ்.எச். சரியாகிவிட்டது. நிறுத்திவிடலாமா?

மாத்திரையால்தான் சரியாகியிருக்கிறது. மகள் செய்யாத வேலையை மாத்திரை செய்கிறது, அதனால் அம்மா அமைதியாக இருக்கிறாள். நிறுத்தினால் சில வாரங்களில் மறுபடி குரல் ஏறும். சிலருக்கு, குறிப்பாகப் பிரசவத்துக்குப் பிறகு வந்த தைராய்டுக் குறைவு தானாகச் சரியாவது உண்டு. ஆனால் அதை மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த மாத்திரையின் மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். ஆகவே ஒருநாள் மறந்தால் பதற வேண்டாம். அதே காரணத்தால், அளவை மாற்றிய மறு வாரமே ரத்தம் சோதித்துப் பயனில்லை. ஆறு வாரமாவது போக வேண்டும்.

போடும் விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போட வேண்டும். டீ, காபி, பலகாரம் எல்லாம் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து. அரசு ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளையும் இதையும் ஒரே வாயில் போட்டு விழுங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவை இதைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

நோன்பு நேரத்தில் பகல் முழுக்கத் தண்ணீர்கூட இல்லாமல் உடம்பு எப்படித் தாங்குகிறது? சுகர் உள்ளவர்கள் நோன்பு வைக்கலாமா? (கீழக்கரையிலிருந்து ஒரு உம்மா கேட்டது)

சஹர், அதாவது விடியலுக்கு முந்தைய சாப்பாடு செரிக்கும்வரை இன்சுலின் ஆட்சி. ரத்தத்துக்கு வரும் சர்க்கரையைத் தசைக்கும் கல்லீரலுக்கும் அனுப்பிச் சேமிக்கச் சொல்லும். சில மணி நேரத்தில் வரத்து நின்றதும் இன்சுலின் இறங்கும், கணையத்தின் இன்னொரு ஹார்மோனான குளூக்ககான் ஏறும். அது கல்லீரலிடம் போய், சேமித்ததை எடுத்து விடு என்கிறது. அந்தச் சேமிப்பு குறையக் குறைய உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும். தண்ணீர் பக்கம் வேறொரு ஹார்மோன் காவல். அதை உப்பளக் கேள்வியில் சொல்கிறேன். ஆரோக்கியமானவர்களுக்குப் பொழுது சாயும் மஃரிபு வரை இந்த ஏற்பாடு வசதியாகவே ஓடும்.

சர்க்கரை உள்ளவர்களுக்குச் சிக்கல் எங்கே என்றால், ஊசியும் சில வகை மாத்திரைகளும் உணவு வந்ததா இல்லையா என்று பார்க்காமல் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். உடம்பு தானே சுரக்கிற இன்சுலின் பார்த்து நிறுத்தும். ஊசிக்கு அது தெரியாது. எனவே நோன்புக்கு ஒரு மாதமோ இரண்டு மாதமோ முன்பே மருத்துவரைப் பார்த்து மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். நோன்பின்போது விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பது நோன்பை முறிக்காது என்றே மார்க்க அறிஞர்கள் பலரும் சொல்கிறார்கள். 70-க்குக் கீழே இறங்கினாலும் 300-க்கு மேலே ஏறினாலும் நோன்பைத் திறந்துவிட வேண்டும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, கண் இருட்டல் வந்தால் எண்ணைப் பார்க்கவும் காத்திருக்க வேண்டாம்.

தைராய்டு மாத்திரையைச் சஹருக்கு அரை மணி முன்பு எழுந்து போடலாம். சிலர் இரவு கஞ்சி, சாப்பாடெல்லாம் முடிந்து மூன்று மணி நேரம் கழித்துத் தூங்கப் போகும்போது போடுகிறார்கள். இரண்டும் சரி, ஆனால் நாளுக்கு ஒரு நேரம் என்று மாற்றாதீர்கள்.

கருப்பட்டி போட்டுக் காபி குடித்தால் சர்க்கரை ஏறாதுதானே?

ஏறும். சாயல்குடிக் கருப்பட்டியின் மணம் எனக்கும் பிடிக்கும். ஆனால் பதநீரைக் காய்ச்சி இறுக்கினால் வருவதில் பெரும்பகுதி சுக்ரோஸ். வெள்ளைச் சீனியும் அதேதான். கொஞ்சம் தாதுச்சத்து கூடுதல். கணையத்துக்குக் கறுப்பும் தெரியாது வெள்ளையும் தெரியாது. பனங்கற்கண்டும் இதே கணக்குத்தான்.

பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டு கொடுத்தால் பால் ஊறும் என்கிறார்களே?

என் அம்மா எனக்கும் செய்து கொடுத்தார். பூண்டும் மிளகும் சேர்த்து உதிர்த்த சுறாப்புட்டு, பெற்ற உடம்புக்கு நல்ல புரதம். அதில் ருசியும் இருக்கிறது, கவனிப்பும் இருக்கிறது. ஆனால் பாலை ஊற வைப்பது சுறா இல்லை, பிள்ளையின் வாய்.

பிள்ளை காம்பைச் சப்பியதும் அந்தத் தொடுஉணர்வு நரம்பு வழியே மூளைக்குப் போகிறது. பிட்யூட்டரி இரண்டு ஹார்மோன் விடுகிறது. புரோலாக்டின் பாலைச் செய்யச் சொல்கிறது. அது அடுத்த வேளைக்கான பால். ஆக்சிடோசின் ஏற்கெனவே இருக்கும் பாலைப் பிழிந்து வெளியே தள்ளுகிறது. அது இந்த வேளைக்கு. பிள்ளை எவ்வளவு குடிக்கிறதோ அவ்வளவு செய்தி போகும், அவ்வளவு பால் வரும். "பால் பத்தல" என்று புட்டிப்பால் கொடுத்தால் சப்புவது குறைகிறது, செய்தி குறைகிறது, உண்மையாகவே பால் குறைகிறது. இரவில் புரோலாக்டின் அதிகம், ஆகவே இரவுப் பாலை நிறுத்தக் கூடாது.

ஆக்சிடோசினுக்கு ஒரு குணம் உண்டு: பயத்திலும் வலியிலும் வீட்டுச் சண்டையிலும் அது அடங்கிவிடும். மார்பில் பால் இருக்கும், இறங்காது. பக்கத்து அறையில் தூங்குகிற பிள்ளை அழும் சத்தம் கேட்டாலே சேலை நனைகிறதே, அதுவும் இதே ஹார்மோன்தான். பிறந்த உடனே பால் கொடுக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு: இது கருப்பையையும் சுருக்கி ரத்தப்போக்கைக் குறைக்கிறது.

சுறா பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சுறா மற்ற மீன்களைத் தின்று வளரும் மீன். பெரிய சுறாக்களின் சதையில் பாதரசம் சேர்ந்திருக்கும். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்று பல நாட்டு உணவு அமைப்புகள் சொல்கின்றன. நெத்திலி, சாளை, காரல் போன்ற சின்ன மீன்கள் போதும். காரல் சொதி கொடுக்கிற வழக்கமும் நம்மிடம் இருக்கிறதே.

கடலில் திடீரென்று காற்று பிடித்தபோது எங்கிருந்தோ பலம் வந்தது. கரைக்கு வந்த பிறகுதான் கை கால் நடுங்கியது. ஏன்?

அட்ரினல் சுரப்பியின் நடுப்பகுதி அட்ரினலினைக் கொட்டியிருக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கும், கல்லீரல் சர்க்கரையை இறைக்கும், குடலுக்குப் போகும் ரத்தம் தசைக்குத் திரும்பும். கையில் கயிறு அறுத்த காயம்கூட அப்போது தெரியாது. அட்ரினலின் ரத்தத்தில் சில நிமிடம்தான் தங்கும். பின்னாலேயே வரும் கார்டிசால் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். தசைகளை முறுக்கிவிட்ட சரக்கு மிச்சம் இருக்கும், செய்ய வேலை இருக்காது, அதுதான் நடுக்கம். கட்டன் டீ குடித்து உட்கார்ந்தால் அடங்கிவிடும்.

உப்பளத்தில் வேலை செய்யும்போது காலையிலிருந்து மதியம் வரை சிறுநீரே வருவதில்லை. பயப்பட வேண்டுமா?

ரத்தம் கொஞ்சம் கெட்டிப்பட்டாலே ஹைப்போதலாமஸ் கண்டுபிடித்துவிடும். தாகத்தைக் கிளப்பும், கூடவே வாசோபிரசின் என்ற ஹார்மோனைப் பிட்யூட்டரி வழியாக விடும். அது சிறுநீரகத்திடம் தண்ணீரை வெளியே விடாதே என்று சொல்லும். சிறுநீர் குறைந்து கடும் மஞ்சளாகும். அட்ரினல் சுரப்பியின் மேலோட்டிலிருந்து ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் வந்து, வியர்வையில் போகிற உப்பையும் இழுத்துப் பிடிக்கும். வெயிலுக்குப் பழகியவர்களின் வியர்வை மற்றவர்கள் வியர்வையைவிடக் கரிப்புக் குறைவாக இருப்பது இதனால்தான்.

இது உடம்பு சமாளிப்பது, நோய் இல்லை. ஆனால் நாள்தோறும் சமாளிக்க வைத்தால் கல்லும் நீர்க்கடுப்பும் வரும். கழிப்பறை இல்லாததால் வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காத பெண்களை எனக்குத் தெரியும். அதை ஹார்மோன் சரிசெய்ய முடியாது.

வாசோபிரசினுக்கும் எல்லை உண்டு. எவ்வளவு முயன்றாலும் நம் சிறுநீரகத்தால் கடல் நீர் அளவுக்குச் சிறுநீரைக் கரிக்க வைக்க முடியாது. எஞ்சின் நின்று கடலில் தத்தளிப்பவர்கள் கடல் நீரைக் குடித்தால், அந்த உப்பை வெளியேற்றக் குடித்ததைவிட அதிகத் தண்ணீரை உடம்பு இழக்கும்.

இரவெல்லாம் கடலில் இருந்துவிட்டுப் பகலில் தூங்கினால் கணக்குச் சரிதானே?

மணிக்கணக்கு சரி, ஹார்மோன் கணக்கு சரியில்லை. இருட்டினால் பீனியல் மெலடோனினை விடும். வெளிச்சம் பட்டால் நிறுத்தும். படகின் வெள்ளை எல்.இ.டி. விளக்கும் வெளிச்சம்தான். விடியும் நேரத்தில் கார்டிசால் உச்சத்துக்குப் போய் எழுப்பப் பார்க்கும், நீங்கள் அப்போதுதான் கரைக்கு வந்து படுப்பீர்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் கடலுக்குப் போவதால் உடம்பு எந்தப் பக்கமும் பழகுவதில்லை. பகலில் தூங்கும் அறையை நன்றாக இருட்டாக்குங்கள், போனைத் தள்ளி வையுங்கள். இதற்கு மேல் என்னிடம் நல்ல யோசனை இல்லை.

மூட்டுவலிக்குக் கடையில் பொட்டலம் மாத்திரை தருகிறார்கள். போட்ட மறுநாளே வலி பறக்கிறது. நல்லதுதானே?

என் மாமியார் எட்டு மாதம் அப்படி ஒரு பொட்டலம் வாங்கிப் போட்டார். கடை பெயர் வேண்டாம். முகம் நிலா மாதிரி உருண்டது, "அத்தை சதை போட்டுட்டாங்க" என்று எல்லாரும் சந்தோஷப்பட்டோம். பசி கூடியது, கை கால் மட்டும் மெலிந்தது, அதுவரை இல்லாத சர்க்கரை வந்தது. பொட்டலத்தில் இருந்த சின்ன மாத்திரை டெக்சாமெத்தசோன். கார்டிசால் செய்கிற வேலையைப் பல மடங்கு வலுவாகச் செய்கிற ஸ்டீராய்டு. விலங்கியல் படித்த மருமகள் அதே வீட்டில் இருந்தும் எட்டு மாதம் கவனிக்கவில்லை.

இதைவிட மோசமானது அடுத்து நடந்தது. தெரிந்ததும் பதறிப்போய் அன்றைக்கே மாத்திரையைக் குப்பையில் போட்டோம். மூன்றாம் நாள் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் தரையில். பின்னூட்டத்தை நினைத்துப் பாருங்கள். வெளியிலிருந்து கார்டிசால் வேலைக்கு ஆள் வந்துகொண்டே இருந்ததால் பிட்யூட்டரி அட்ரினலைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டது. கூப்பிடாத அட்ரினல் சுருங்கித் தூங்கிவிட்டது. திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் உடம்பில் கார்டிசாலே இல்லை. மருத்துவர் அதே ரக மருந்தை மறுபடி கொடுத்து, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் அட்ரினலை எழுப்பினார்.

ஆஸ்துமாவுக்கும் வேறு பல நோய்களுக்கும் ஸ்டீராய்டு உயிர் காக்கும் மருந்து. மருத்துவர் கொடுத்தால் பயமில்லாமல் போடுங்கள். பெயர் தெரியாத பொட்டலத்தை வாங்காதீர்கள். வாரக்கணக்கில் போட்டுவிட்டீர்கள் என்றால் நீங்களாகவே நிறுத்தாதீர்கள். பொட்டலத்தையே கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

மகளுக்கு ஸ்கேனில் நீர்க்கட்டி என்று வந்திருக்கிறது. ஆபரேஷன் தேவையா?

பெரும்பாலும் தேவையில்லை. பெயர்தான் பயமுறுத்துகிறது. அவை கட்டிகளே அல்ல, முழுசாக முதிராமல் பாதியில் நின்றுபோன முட்டைப் பைகள். மாதவிலக்கு தள்ளிப்போவது, ஆண் ஹார்மோன் கூடுவதால் முகத்தில் முடியும் பருவும், ஸ்கேனில் இந்தப் பைகள் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் பி.சி.ஓ.எஸ். என்கிறார்கள். வயதுக்கு வந்த முதல் சில வருடங்களில் மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் இருப்பதும், ஸ்கேன் அப்படித் தெரிவதும் சகஜம். ஆகவே ஸ்கேனை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். இதன் அடியில் பலருக்கு இன்சுலினைச் செல்கள் கண்டுகொள்ளாத சங்கதிதான் இருக்கிறது. மிஞ்சிய இன்சுலின் சூலகத்தைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது. எடை கூடியிருந்தால் கொஞ்சம் குறைத்தாலே மாதவிலக்கு திரும்புகிறவர்கள் உண்டு. "கல்யாணம் பண்ணினால் சரியாகிவிடும்" என்பதில் உண்மை இல்லை.

பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்களாம். அதனால்தான் பிள்ளைகள் சீக்கிரம் வயதுக்கு வருகிறார்களாம்?

பண்ணையில் ஆயிரக்கணக்கான கோழி. வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம், தீவனத்தில் கலந்தால் கோழியின் குடலே செரித்துவிடும். ஊசியாகத்தான் போட வேண்டும், ஒவ்வொரு கோழிக்கும், அடிக்கடி. ஊசிக்கும் கூலிக்கும் ஆகும் செலவு கோழி விலையைத் தாண்டிவிடும். பிராய்லர் வேகமாக வளர்வது பல தலைமுறை பொறுக்கி இனவிருத்தி செய்ததாலும் தீவனத்தாலும். உடம்பில் கொழுப்பு கூடும்போது லெப்டின் என்ற ஹார்மோன் மூளைக்கு "சேமிப்பு போதும், தொடங்கலாம்" என்று தெரிவிக்கிறது. சத்தான சாப்பாடும் கூடிய எடையும் பருவத்தை முன்னால் இழுப்பது அப்படித்தான். எட்டு வயதுக்கு முன்பே மார்பு வளரத் தொடங்கினால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள். கோழியைத் திட்டிக்கொண்டு உட்காராதீர்கள்.

மண்டபத்தில் மீனுக்கே ஹார்மோன் ஊசி போட்டார்களாமே, அதுவும் பொய்யா?

அது உண்மை. மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில்தான் 2010-ல் இந்தியாவிலேயே முதல்முறையாகக் கடல்விராலைத் தூண்டி முட்டையிட வைத்தார்கள். கடல்விரால் வேகமாக எடை போடும் மீன், கூண்டில் வளர்க்க ஏற்றது. ஆனால் அடைத்து வைத்த தாய் மீனுக்கு வயிற்றில் சினை இருந்தாலும் முட்டையை விடத் தோன்றாது. கடலில் கிடைக்கிற ஏதோ ஒரு சமிக்ஞை தொட்டியில் இல்லை. அந்தச் சமிக்ஞைக்குப் பதிலாகத்தான் ஊசி. மருந்தின் பெயர் எச்.சி.ஜி. கர்ப்பமா என்று பார்க்கக் கடையில் வாங்குகிறோமே ஒரு பட்டை, அது சிறுநீரில் தேடுவது இதே ஹார்மோனைத்தான். கரு பதிந்ததும் அதைச் சுற்றி வளரும் திசு, அதாவது பின்னால் நஞ்சாக மாறப்போவது, இதைச் சுரக்கிறது. சூலகத்திடம் "ஆள் வந்தாச்சு, இந்த மாதம் விலக்கு வேண்டாம்" என்று சொல்வது இதன் வேலை.

மனிதத் தாயின் ஹார்மோனை மீன் எப்படிப் படிக்கிறது என்று வகுப்பில் ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. முட்டையை விடச் சொல்கிற ஹார்மோனும் அதைப் படிக்கும் ஏற்பியும் முதுகெலும்புள்ள பிராணிகளுக்கெல்லாம் ஒரே சாயல். பட்டை வருவதற்கு முன்னால், 1930-களிலிருந்து, பெண்ணின் சிறுநீரைத் தவளைக்கு ஊசி போட்டுப் பார்ப்பார்கள். மறுநாளுக்குள் தவளை முட்டையிட்டால் அந்தப் பெண் கர்ப்பம்.

ஊசி போட்ட தாய் மீனை யாரும் அறுத்து விற்பதில்லை; அது பொரிப்பகத்தின் சொத்து. நாம் வாங்குவது அதன் குஞ்சுகள் வளர்ந்தது, அவற்றுக்கு ஊசி கிடையாது. இதைச் சொன்ன பிறகும் அந்தப் பையனின் பாட்டி கடல்விரால் வாங்குவதில்லை. அவருக்குக் காரணம் ஹார்மோன் இல்லையாம். விலையாம்.